கைதட்டிய பிறகு

(நீலகிரியின் கிளென்மார்கனில் மாணவர், பெற்றோர், ஆசிரியர் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டதால் நடுவில் எழுந்துபோக வழியில்லாமல் மாட்டிக்கொண்ட மாணவர்களுக்கு முதல் வணக்கம்.

பிள்ளைகளுக்கு மேடைப்பேச்சு பற்றிச் சொல்லுங்கள் என்றுதான் என்னை அழைத்தார்கள். அதைச் சொல்ல நம் ஊரில் ஆளுக்கா பஞ்சம்? தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். நான் பேச நினைப்பது, மேடைக்குக் கீழே உட்கார்ந்து கேட்கிற பிள்ளையைப் பற்றி. உருக்கமான பேச்சு ஒன்று முடிகிறது. அல்லது, ஆளை அப்படியே தன் பக்கம் இழுத்துவிடும் கட்டுரை ஒன்றின் கடைசி வரி வந்துவிடுகிறது. அந்தப் பிள்ளைக்குள் என்ன நடந்தது? அதைத் தன் சொந்த நடையில் ஒரு பக்கம் எழுதிக் காட்டு என்று நாம் கேட்கிறோமா? கேட்பதில்லை. என் குறை அதுதான்.

கேட்பதெல்லாம் வேறு. தமிழ் வளர்ச்சித் துறை காந்தி, நேரு, அம்பேத்கர், பெரியார், அண்ணா, கலைஞர் பிறந்தநாட்களையொட்டி மாவட்டந்தோறும் பேச்சுப்போட்டி நடத்துகிறது. முதல் பரிசு 5,000 ரூபாய், அடுத்தது 3,000, அதற்கடுத்தது 2,000. நல்ல ஏற்பாடு. எஸ்டேட் லைனில் பிறந்த பிள்ளை உதகை வரை போய் மைக் முன்னால் நடுங்காமல் நிற்பது லேசான காரியமா? இப்படிப்பட்ட போட்டிகளில் நானும் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். அங்கே காண்பது இதுதான். பேச்சை எழுதித் தருபவர் ஆசிரியர். பிள்ளை அதை நெட்டுருப் போடுகிறது. குரல் எங்கே ஏற வேண்டும் என்று தாளில் பென்சில் அம்புக்குறி இருக்கும். விரல் எங்கே நீள வேண்டும் என்பதற்கும் ஒரு குறி இருக்கும். ஒருத்தி மேடையில் முழங்கும்போது, அடுத்துப் பேச இருக்கிற பத்துப் பேர் பெஞ்சில் உட்கார்ந்து உதட்டை அசைத்துத் தங்கள் பாடத்தை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவர்கள் காதில் ஏறியிருக்காது. நடுவர்களாகிய நாங்களும் உச்சரிப்புக்கு இத்தனை, அவையச்சம் இல்லாததற்கு இத்தனை என்று கட்டம் கட்டி மதிப்பெண் போட்டுக்கொண்டிருப்போம். "நீ சொன்னதை நீ நம்புகிறாயா, கண்ணு?" என்று எந்த நடுவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டால் போட்டியை நடத்துபவர்கள் மணி அடித்துவிடுவார்கள்.

ஆக, தொண்டைக்குப் பயிற்சி உண்டு, காதுக்குக் கிடையாது. இத்தனைக்கும் பேச்சால் ஆட்சியே மாறிய மண் இது.

பேச்சில் மயங்காதீர்கள் என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. மயங்கத்தான் வேண்டும். 1938இல் திருவாரூரில் 14 வயதுப் பையன் ஒருவன் பட்டுக்கோட்டை அழகிரிசாமியின் பேச்சைக் கேட்டான். கேட்ட வேகத்தில் கொடி பிடித்து இந்தி எதிர்ப்பு ஊர்வலம் நடத்தக் கிளம்பினான். அவன்தான் பின்னாளில் இந்த மாநிலத்தின் முதலமைச்சராக ஐந்து முறை பொறுப்பேற்ற மு. கருணாநிதி. ஒரு பேச்சு ஒரு வாழ்க்கையைத் திருப்பிவிடும். திருப்பிவிடும் என்பதனால்தான் கேட்கிறவன் தன் பங்கைச் செய்ய வேண்டியிருக்கிறது.

அதைச் செய்தவள் ஒருத்தி நம் இலக்கியத்திலேயே இருக்கிறாள். மணிமேகலை வஞ்சி நகருக்குப் போகிறாள். பெண்ணாகப் போனால் பேசமாட்டார்கள் என்று ஆண் தவசியின் வடிவம் எடுத்துக்கொள்கிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், பூதவாதி என்று ஒவ்வொருவரிடமும் போய் உன் கொள்கையைச் சொல் என்கிறாள். ஒவ்வொருவரும் தம் கட்சியை ஆணித்தரமாக எடுத்து வைக்கிறார்கள். அத்தனை பேரையும் அவள் கேட்கிறாள். சிலர் சொன்னதற்கு ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறாள். கடைசியில் வருகிற பூதவாதி, கண்ணால் கண்டதைத் தவிர வேறு எதையும் ஏற்கமாட்டேன் என்று அடித்துப் பேசுகிறான். அவள் சிரிக்கிறாள். உன் தாய் தந்தை இன்னார் என்று நீ எப்படி அறிந்தாய், அதுவும் அனுமானத்தால்தானே என்று ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள். அதற்கப்புறம்தான் பௌத்தத் துறவி அறவண அடிகளிடம் வருகிறாள். அவர் அவளுக்கு எடுத்த எடுப்பில் பக்தியைச் சொல்லிக்கொடுக்கவில்லை. பக்கம் என்கிற கூற்று, ஏது என்கிற காரணம், திட்டாந்தம் என்கிற எடுத்துக்காட்டு என்று ஒரு வாதத்தின் உறுப்புகளைச் சொல்லி, ஒவ்வொன்றிலும் போலி எப்படி நுழையும் என்று வகை வகையாகப் பிரித்துக் காட்டுகிறார். காப்பியத்தின் இருபத்தொன்பதாம் காதை கிட்டத்தட்ட முழுவதும் அதுதான். பள்ளியில் நாம் காப்பியத்தின் வேறு இடங்களை நடத்துகிறோம், இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். கஷ்டம் என்று நினைக்கிறோம். பிளஸ் டூ கணக்கைவிடவா கஷ்டம்?

இன்னொரு சம்பவம், நம் காலத்துக்குப் பக்கத்தில் நடந்தது. 1943 பிப்ரவரி 9. சென்னைச் சட்டக் கல்லூரி மண்டபம். கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்று அண்ணா பேசுகிறார். கூடாது என்று ரா. பி. சேதுப்பிள்ளை பேசுகிறார். அடுத்த மாதம் 14ஆம் தேதி சேலத்தில் அதே பொருள்மேல் நாவலர் சோமசுந்தர பாரதியாருடன் அண்ணா மோதுகிறார். அந்தச் சொற்போர் 'தீ பரவட்டும்' என்ற பெயரில் அச்சில் வந்து பல பதிப்புகள் கண்டது. யோசித்துப் பாருங்கள். நூலைக் கொளுத்தலாமா என்பதைப் பற்றி இரண்டு பேர் ஒரே மேடையில் முறையாக நின்று பேச, கூட்டம் உட்கார்ந்து இருவரையும் கேட்டிருக்கிறது. இன்றைக்கு அப்படி ஒரு மேடை போட்டுப் பாருங்கள், முதலில் போலீஸ் வண்டி வரும்.

இந்த வாதத்தை வகுப்பில் பயன்படுத்தியிருக்கிறேன். இரண்டு பக்கத்திலிருந்தும் சில பகுதிகளைக் கொடுத்து யார் சொன்னது சரி என்று கேட்டால், பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு அண்ணா என்பார்கள். ஏன் என்று கேட்டால், "அவர் தமிழ் நல்லாருக்கு, ஐயா." சரி, அடுக்குமொழியையெல்லாம் உருவி எடுத்துவிட்டு அதே கருத்தை மளிகைக் கடைக்காரரிடம் சொல்வதுபோல் வெறும் வாக்கியமாக எழுது என்பேன். எழுதும்போது அவர்களுக்கே தெரியும். சில இடத்தில் அலங்காரம் போன பிறகும் வாதம் நிமிர்ந்து நிற்கும். சில இடத்தில் அலங்காரம் போனால் தாளில் ஒன்றும் மிஞ்சாது. ஒரு பையன் ஒரு நாள் ஒன்று கவனித்தான். சேதுப்பிள்ளையும் எதுகை மோனைக்குக் குறைச்சல் வைக்கவில்லையே, அப்புறம் எப்படி அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது என்று கேட்டான். பாருங்கள், அவன் சொன்னது எவ்வளவு பெரிய விஷயம்! 'சொல்லின் செல்வர்' என்று பட்டம் வாங்கியவர் சேதுப்பிள்ளை. தமிழுக்குக் கிடைத்த முதல் சாகித்திய அகாதெமி விருது, 1955இல், அவருடைய 'தமிழின்பம்' கட்டுரைத் தொகுப்புக்குத்தான். இரண்டு பக்கமும் சொல்வளம் சமம் என்றால், தீர்ப்பை வேறெங்காவது போய்த் தேடித்தானே ஆக வேண்டும்?

இப்போது நம் மலைக்கு வருகிறேன்.

1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பூமி குலுங்கியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். அந்த நேரம் காந்தி தீண்டாமை ஒழிப்புக்காகத் தென்னிந்தியாவில் சுற்றுப்பயணத்தில் இருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலிப் பொதுக்கூட்டத்தில் அவர் ஒரு கருத்தைச் சொன்னார். அரிஜனங்களுக்கு நாம் இழைத்த பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனைதான் இந்த நிலநடுக்கம் என்றார். இதை மூடநம்பிக்கை என்று சொன்னாலும் சொல்லுங்கள், என்னோடு சேர்ந்து நம்புங்கள் என்கிற தோரணையில் பேசினார். கேட்டவர்கள் மனம் எவ்வளவு கலங்கியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தினமும் பேப்பரில் சாவுக் கணக்கு வருகிற நாட்கள். மகாத்மா நேரில் நின்று சொல்கிறார். சொல்வது, ஒழிய வேண்டிய ஒரு கொடுமையை ஒழிக்கும் நல்ல காரியத்துக்காக.

ஜனவரிக் கடைசியில் காந்தி நீலகிரிக்கு ஏறி வந்து குன்னூரில் தங்கினார். பிப்ரவரித் தொடக்கத்தில் உதகையிலும் பேசினார். அவர் இந்த மலையில் இருந்த அந்த நாட்களில்தான் ரவீந்திரநாத் தாகூர் எழுதி அனுப்பிய மறுப்பு அவர் கைக்கு வந்து சேர்ந்தது.

தாகூருக்குத் தீண்டாமை ஒழிப்பில் காந்தியோடு ஒரு துளி வேறுபாடும் கிடையாது. அதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காந்தி போக நினைத்த ஊருக்கே தாகூரும் போக நினைத்தார், ஆனால் இந்த வழியாக வரமாட்டேன் என்றார். இயற்கையில் நடக்கும் அழிவுக்கு இயற்கையில்தான் காரணம் இருக்கும், மனிதர்களின் ஒழுக்கத்தோடு அதை முடிச்சுப் போடக்கூடாது என்பது அவர் சொன்ன முதல் காரணம். இரண்டாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. இந்த மாதிரி வாதம் எதிராளிக்கல்லவா பொருத்தம், நாளைக்கு சனாதனி எழுந்து காந்தியும் அவர் ஆட்களும் கோயிலுக்குள் எல்லாரையும் விடச் சொல்வதால்தான் கடவுளுக்குக் கோபம் வந்தது என்று சொன்னால் என்ன பதில் என்பதுபோல் கேட்டார். ஒரு வாதத்தைச் சோதிக்க இதைவிட நல்ல உரைகல் இருப்பதாகத் தோன்றவில்லை. உன் எதிரி அதே வாதத்தை எடுத்துக்கொண்டால் அது அவனுக்கும் அப்படியே வேலை செய்கிறதா? செய்தால், அது உனக்குச் சாட்சி சொல்லவில்லை. யார் கூப்பிட்டாலும் போகிற சாட்சி அது.

காந்தி என்ன செய்தார்? அந்த மறுப்பைத் தம்முடைய 'ஹரிஜன்' இதழிலேயே பிப்ரவரி 16 அன்று வெளியிட்டார். தம் பதிலையும் அதே இதழில் எழுதினார். நிரூபிக்க என்னால் முடியாது, ஆனால் இது என் நம்பிக்கை என்று நின்றார். நான் இந்த விஷயத்தில் தாகூர் கட்சி. ஆனாலும் தம்மை மறுத்தவரைத் தம் பத்திரிகையிலேயே பேசவிட்டவரை எழுந்து நின்று கும்பிடத் தோன்றுகிறது.

மாணவர்களுக்கு நான் சொல்ல வந்ததன் மையம் இதுதான். ஒரு பேச்சைக் கேட்டால் முடிவை ஏற்கிறாயா, அந்த முடிவுக்குக் கொண்டுபோன வழியை ஏற்கிறாயா என்று இரண்டு கணக்கு வைத்துக்கொள். நெகிழ்ந்தேனா என்பது மூன்றாவது கணக்கு. இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயமில்லை. நெகிழ்ந்துவிட்டு மறுக்கலாம். துளிக்கூட நெகிழாமல் ஒப்புக்கொள்ளலாம். இந்த மூன்றையும் ஒரே கோணியில் போட்டுக் கட்டிவிட்டு "அருமையான உரை" என்று எழுதிக் கொடுப்பதைத்தான் நாம் பத்துப் பன்னிரண்டு வருடமாகப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறோம்.

பிளஸ் ஒன் படித்த ஒரு பெண்ணின் நோட்டைப் பற்றிச் சொல்கிறேன். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. பள்ளிக்கு ஒரு பேச்சாளர் வந்து சோலைக் காடுகளையும் புல்வெளிகளையும் பற்றிப் பேசினார். நன்றாகவே பேசினார். மலை மடிப்புகளில் சோலை, சரிவுகளில் புல், இரண்டும் சேர்ந்து மழையைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடும். வெள்ளைக்காரன் புல்வெளியைத் தரிசு என்று நினைத்தான். சீகை மரத்தையும் கற்பூர மரத்தையும் நட்டான், தேயிலையைப் பரப்பினான். எல்லாம் உண்மை. கடைசியில் குரலை உயர்த்தி, தேயிலையைப் பிடுங்குங்கள், புல்லைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று முடித்தார். கைதட்டல் அரங்கைத் தூக்கியது.

அந்தப் பெண் எழுதியிருந்தாள்: புல்வெளியைப் பற்றிச் சொன்னபோது அழுகை வந்தது. தேயிலையைப் பிடுங்கச் சொன்னபோது வரவில்லை. அது எங்கம்மா கவாத்து வெட்டுகிற செடி.

அதோடு நிறுத்தியிருந்தாலே நல்ல பதில்தான். அவள் நிறுத்தவில்லை. புல் திரும்ப வந்தால் ஓடையில் தண்ணீர் வரும் என்றார், எந்த ஓடையில், எத்தனை வருடத்தில் என்று சொல்லவில்லை என்று எழுதினாள். சீகையை எடுப்பதும் தேயிலையை எடுப்பதும் ஒன்றா, அவர் இரண்டையும் சேர்த்தே பேசினாரே என்று எழுதினாள். சீகையை யாரும் கூடை மாட்டிக்கொண்டு பறிக்கப் போவதில்லையே என்பது அவள் போட்ட கணக்கு. அதற்குக் கீழே ஒரு வரி விட்டு, கொஞ்சம் சின்ன எழுத்தில் இப்படி இருந்தது: அவர் ஆதாரம் போதவில்லை என்று மறுக்கிறேனா, அம்மாவுக்கு வேலை போய்விடுமே என்று மறுக்கிறேனா, எனக்கே தெரியவில்லை.

சபையோரே, படித்த பெரிய மனிதர்கள் நிறையப் பேர் வாழ்நாளில் ஒருமுறைகூட எழுதாத வாக்கியம் அது. தன் நலன் தன் முடிவில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று தன்னையே விசாரித்திருக்கிறாள். அவளுக்கு மதிப்பெண் போடத் தோன்றவில்லை. அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டினாயா என்று மட்டும் பக்கத்தில் எழுதினேன். காட்டினாளாம். அம்மா சொன்ன பதிலையும் அடுத்த வாரம் எழுதிக்கொண்டு வந்தாள்: "அவர் சொல்றது நெசந்தான், முன்ன இந்தப் பள்ளத்துல தண்ணி நிக்காம ஓடும். ஆனா கூலிய யாரு குடுப்பான்னு கேட்டியா?"

கட்டுரைக்கு வந்தால் வேலை இன்னும் சுலபம், ஏனென்றால் அது ஓடிப்போகாது. திரும்பத் திரும்பப் படிக்கலாம். ஆனால் கட்டுரைக்குக் கீழே பெரும்பாலும் என்ன வினா இருக்கிறது? "ஆசிரியர் கூறும் கருத்துகளைத் தொகுத்து எழுதுக." அதற்கு உரைநூலில் விடை தயாராக இருக்கிறது. நீ ஏற்கிறாயா என்று கேட்டுப்பாருங்கள், எந்த உரைநூலும் கைகொடுக்காது. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓர் எடுத்துக்காட்டு. உங்கள் கிளென்மார்கன் நீர்த்தேக்கத்துத் தண்ணீர்தான் குழாய் வழியாக 3,000 அடிக்கும் கீழே இறங்கிப் போய்ச் சிங்காராவில் மின்சாரமாகிறது. பைக்காரா மின்திட்டம் 1932இல் ஓடத் தொடங்கியது. கோயம்புத்தூர்ப் பஞ்சாலைகள் பெருகியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இருட்டில் கிடந்த மலைக்கு ஒளி கொண்டுவந்த திட்டம் என்று இதைப் புகழ்ந்து எழுதிய மாணவர் கட்டுரைகள் எத்தனையோ என் கையில் வந்திருக்கின்றன. அப்படி ஒன்றை வகுப்பில் வாசித்தபோது ஒரு பையன் கையைத் தூக்கினான். "கோயம்புத்தூர்ல மில்லு ஓடினப்ப எங்க லைன்ல என்ன எரிஞ்சது, ஐயா?" எனக்குத் தெரியாது, உங்க தாத்தாவிடம் கேள் என்றேன். மறுநாள் சிம்னி விளக்கு என்று சொன்னான். கட்டுரையில் எழுதியிருந்த எண்கள் எதுவும் பொய்யில்லை. மலைக்கு ஒளி என்கிற அந்த ஒரு சொற்றொடர் மட்டும்தான் யாருடைய மலை, யாருக்கு ஒளி என்று சொல்லாமல் நழுவியிருந்தது.

இப்படி எழுதச் சொன்னால் பிள்ளைகள் எல்லாவற்றையும் மறுத்துத் தள்ளக் கற்றுக்கொண்டுவிடுவார்களே என்று ஓர் ஆசிரியர் என்னிடம் கேட்டார். நியாயமான பயம். மறுப்பதும் ஒரு நெட்டுருவாகிவிடும். அதற்கு நம்மிடம் பழைய மருந்து ஒன்று உண்டு. பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் ஏழு மதம் என்று ஒரு பட்டியல் போடுகிறார். நூல் செய்கிறவன் பிறர் கொள்கையோடு எப்படியெல்லாம் நிற்கலாம் என்பது அந்தப் பட்டியல். அதில் முதலாவதே உடன்படல். மறுத்தல் அதற்கப்புறம்தான். மூன்றாவது இன்னும் அழகு: அடுத்தவர் கருத்தை முதலில் தன் கருத்தாகவே ஏற்று நின்று, பிறகு களைவது. இரண்டு பேர் மாறுபட்டு நிற்கும்போது ஒரு பக்கம் துணிந்து சேர்வதும் பட்டியலில் உண்டு. புலவனுக்குச் சொன்னது என்று விட்டுவிடாதீர்கள், பிளஸ் ஒன் பிள்ளைக்கும் பொருந்தும். நான் வகுப்பில் வைத்த விதி ஒன்றுதான். மறுப்பதற்கு முன், பேசியவரே கேட்டால் "ஆமாம், நான் சொன்னது இதுதான்" என்று தலையாட்டும்படி அவர் கருத்தை நாலு வரியில் எழுதிவிட வேண்டும். அந்த நாலு வரியில்தான் பாதிப் பிள்ளைகள் தடுமாறுவார்கள். வெறும் மறுப்புக்கு வாய் நீளும், இந்த நாலு வரிக்குக் கை வராது.

நேரம் இல்லை, பாடத்திட்டம் முடியவில்லை, நாற்பது பிள்ளைகளின் நோட்டை யார் திருத்துவது என்றும் கேட்பீர்கள். திருத்தவே வேண்டாம். எழுத்துப்பிழைக்குச் சிவப்பு மை போடாத ஒரு நோட்டாக இது இருக்கட்டும். வாரத்துக்கு ஒரு பக்கம் போதும். வாரம் முழுக்க அவர்கள் காதில் விழுவதோ கொஞ்சநஞ்சமில்லை. காலை வணக்கக் கூட்டத்துத் தலைமையாசிரியர் உரை, கோயில் திருவிழாப் பட்டிமன்றம், தேர்தல் ஜீப்பின் ஒலிபெருக்கி, செல்போனில் ஒரு நிமிடத்துக்குள் உலகத்தைத் திருத்தும் இளைஞர் என்று எத்தனையோ. எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். வீட்டில் அப்பா அம்மாவிடம் பேசி ஜெயித்த பேச்சைக்கூட எழுதலாம், ஆனால் அந்த நோட்டை அப்பாவிடம் காட்டாமல் இருப்பது நல்லது.

போட்டி நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாவட்டப் போட்டியில் தன் முறைக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு வெள்ளைத் தாள் கொடுங்கள். தனக்கு முன்னால் பேசியவர்களில் யாராவது ஒருவர் சொன்னதில் எதை ஏற்கிறேன், எதை ஏற்கவில்லை, ஏன் என்று எழுதட்டும். மேடையில் வாங்கும் மதிப்பெண்ணில் பாதியை அந்தத் தாளுக்கு வையுங்கள். பென்சில் அம்புக்குறி போட்டு அதைத் தயாரிக்க முடியாது. எந்த ஆசிரியரும் முதல் நாள் இரவே எழுதித்தர முடியாது.

என்னிடம் இன்னும் சொல்ல இருக்கிறது, ஆனால் உங்கள் நேரத்தில் கால்வாசியைக் கேள்விகளுக்கு என்று பேசி வைத்திருக்கிறோம். கிழக்குப் பக்கம் மஞ்சு இறங்க ஆரம்பித்துவிட்டது, தூரத்து லைன்களுக்குப் போகிறவர்கள் முதலில் கேட்கட்டும். பின்னால் சுவரோரம் நின்றுகொண்டு நான் தாகூர் பக்கம் என்று சொன்னபோது தலையை இப்படி ஆட்டினீர்களே, அம்மா, உங்களிடமிருந்து தொடங்கலாம்.